வாராப் போரின் வாசகர்

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் மதுரை மதிலின் பொறிகளை விரைந்து கடந்துவிட இயலாது. தானே வளைந்து அம்பெய்யும் வில், நெருங்கினாரைக் கடிக்கும் குரங்குப் பொறி என அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்ல, அதுவரை கவனமற்றிருந்த மாணவர்களும் நிமிர்ந்து உட்காருவர். இவை உண்மையாகவே இருந்தனவா என்பது அவர்களது முதல் வினாவாக இருக்கும். அடியார்க்கு நல்லார் அவ்வினாவை எழுப்பவில்லை. இப்பொறி இன்னது, இவ்வாறு இயங்கும் என்று உரை கூறி மேலே செல்கிறார். பொறிகள் இருந்தனவோ இல்லையோ, படைக்கலத்தைப் பற்றிய ஓர் எழுத்தைக் கற்றறிந்த வாசகர் ஒருவர் எவ்வாறு ஏற்றார் என்பதற்கு அவ்வுரை சான்றாக நிற்கிறது. நூலுக்கு வரலாறு இருப்பது போல அதை வாசித்தோர் கொண்ட கருத்துக்கும் வரலாறு உண்டு. பின்னதை நம்மவர் அதிகம் தேடுவதில்லை.

இன்று படைத்துறை அறிவியற் புனைகதை என்று வழங்கும் இலக்கிய வகையில் அத்தகைய வரலாறு நிரம்பக் கிடைக்கிறது. இன்னும் நிகழாத போரை நிகழ்ந்து முடிந்ததுபோல் கூறுவது அவ்வகையின் பழைய உத்தி. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஐ. எஃப். கிளார்க் இத்தகைய வருங்காலப் போர்க்கதைகளின் வரலாற்றை 1966இல் நூலாக எழுதினார். 1995இல், 1871 முதல் 1914 வரை வெளிவந்தவற்றுள் தேர்ந்தெடுத்து ஒரு தொகுதியையும் அவர் பதிப்பித்தார். அக்காலத்துக் கதைகளை இன்று படிப்போருக்கு அவற்றின் நடை சற்றே பழமையாகத் தோன்றலாம். ஆயினும் அவை வெளிவந்த நாளில் வாசகர் கொண்ட அச்சமும் சினமும் ஏளனமும் சிங்கப்பூரில் வாழ்வோர்க்குத் தனிப்பொருள் உடையவை. அக்கதைகளை நம்ப மறுத்த பேரரசே 1942இல் இத்தீவில் வாளை ஒப்படைத்தது.

இவ்வகையின் தலைமகன் 'டார்க்கிங் போர்' என்னும் கதை. 1871 மே மாதம் பிளாக்வுட்ஸ் திங்களிதழில் ஆசிரியர் பெயரின்றி அது வெளிவந்தது. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி. இந்தியாவில் பணியாற்றிய வங்காளப் பொறியியற் படை அதிகாரி. 1857இல் டில்லி முற்றுகையில் பங்குகொண்டவர். இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளரைப் பயிற்றுவிக்க இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியை நிறுவியவரும் அவரே. முந்திய ஆண்டில்தான் பிரஷ்யப் படை பிரான்சை வீழ்த்தியிருந்தது. அடுத்து இங்கிலாந்தே வீழ்ந்தால் என்னாகும் என்று செஸ்னி எண்ணிப் பார்த்தார். கதையில் ஒரு முதியவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாம் தொண்டர்படை வீரராக நின்று கண்ட தோல்வியைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார். கடற்படை புதுவகை வெடிபொறிகளால் அழிகிறது, எதிரி கரையிறங்குகிறான், பயிற்சியற்ற தொண்டர்படை டார்க்கிங் குன்றுகளில் சிதறுகிறது. உணவு வழங்குவாரில்லை; ஆணை பிறப்பிப்பார் யாரென்று அறிவாரில்லை.

வாசகர் வரவேற்பு வியப்புக்குரியது. இதழ் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. ஆறு பென்னி விலையில் தனி நூலாக வந்தபோது சில வாரங்களில் 80,000 படிகளுக்கு மேல் விற்றது. வானொலியும் இல்லாத அக்காலத்தில் ஒரு சிறுகதைக்கு இது பெரிய விற்பனையே. மறுப்புக் கதைகள் எழுந்தன. இங்கிலாந்தே வென்றதாக முடிவை மாற்றி எழுதியோர் உண்டு. கேலிப் பாட்டாக்கி இசை அரங்குகளில் பாடியோரும் உண்டு. இறுதியில் தலைமையமைச்சர் கிளாட்ஸ்டனே 1871 செப்டம்பரில் விட்பி நகரில் பேசியபோது, இத்தகைய அச்சமூட்டும் எழுத்து உலகோர் முன் நாட்டை நகைப்புக்கு உள்ளாக்கும், பொதுப்பணத்தையும் வீணாக்கும் என்று கண்டித்தார். ஒரு சிறுகதைக்கு அரசின் தலைவர் மேடையில் நின்று மறுமொழி கூறியதைவிடச் சிறந்த மதிப்புரை எந்த எழுத்தாளனுக்கும் வாய்ப்பதில்லை.

அவ்வளவு பேர் படித்தும் பெரிதாகப் பேசப்படாத ஒரு செய்தி அக்கதையின் தொடக்கத்திலேயே உள்ளது. இங்கிலாந்து வீழ்ந்ததற்குக் காரணம் கூறும்போது, இந்தியாவில் எழுந்த கிளர்ச்சி நமது சிறிய படையின் ஒரு பகுதியை ஈர்த்துக்கொண்டது என்று கதைசொல்லி ஒரு வாக்கியத்தில் சொல்லி நகர்கிறார். கதை முடிவில் இந்தியா கைவிட்டுப் போன உடைமைகளுள் ஒன்று. அங்கு வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களுக்கு அப்போரில் வேறு இடமில்லை. டில்லி முற்றுகையை நேரில் கண்ட செஸ்னிக்கே அது தோன்றவில்லை என்பது கருதத்தக்கது.

1903 டிசம்பரில் ஸ்டிராண்ட் இதழில் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'தரைக் கவசக்கலங்கள்' வெளிவந்தது. பதுங்கு குழிகளில் இருக்கும் படையை நோக்கி, எஃகுக் கவசம் பூண்ட பெரும்பொறிகள் நகர்ந்து வருவதாகக் கதை. குதிரையேற்றமும் குறிபார்த்தலும் அறிந்த நாட்டுப்புறத்து வீரரை, கணக்கும் பொறியியலும் கற்ற நகரத்து இளைஞர் பொறிக்குள் அமர்ந்தபடியே வெல்கின்றனர். 1916 செப்டம்பர் 15ஆம் நாள் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கியபோது வெல்ஸின் கதையை நினைத்தவர் பலர்.

ஆயினும் வாசகர் எதிர்வினைக்கு இவை அனைத்தையும் விஞ்சிய சான்று ஆர்தர் கானன் டாயிலின் 'அபாயம்' என்னும் சிறுகதை. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த அதே டாயில். 1914 ஜூலை மாத ஸ்டிராண்ட் இதழில் அது வந்தது. நார்லாந்து என்னும் கற்பனைச் சிறுநாட்டிடம் உள்ளவை எட்டு நீர்மூழ்கிக் கப்பல்களே. அவற்றின் தலைவன் கேப்டன் சிரியஸ் பிரிட்டனின் போர்க்கப்பல்களைத் தேடிச் செல்வதில்லை. கோதுமையும் இறைச்சியும் ஏற்றி வரும் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கிறான். ரொட்டி விலை ஏறுகிறது; ஏழைகள் பசியால் மடிகின்றனர்; உலகின் பெரிய கடற்படை துறைமுகத்தில் நிற்க, நாடு பணிகிறது.

இதழாசிரியர் ஒரு புதுமை செய்தார். கதையைக் கடற்படை வல்லுநர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, அவர்கள் கருத்தைப் பெற்று, அதே இதழில் வெளியிட்டார். கதையையும் அதற்கான எதிர்வினையையும் ஒருசேரத் தந்த அந்த இதழ் இன்று ஓர் அரிய ஆவணம். ஓய்வுபெற்ற தளபதி ஒருவர் இது ழூல் வெர்னின் கதை போன்றது, நடவாதது என்றார். நாகரிக நாடு எதுவும் ஆயுதமற்ற வணிகக் கப்பலைத் தாக்காது என்றார் இன்னொருவர். எந்த நாடும் அதற்கு இடங்கொடாது, அவ்வாறு செய்யும் அதிகாரி சுட்டுக் கொல்லப்படுவான் என்பது மூன்றாமவர் தீர்ப்பு. இவர்கள் பேதையர் அல்லர். வாழ்நாளெல்லாம் கடலில் கழித்தவர்கள். நீர்மூழ்கிக் கப்பலின் வேகத்தையும் ஆற்றலையும் அவர்கள் அளந்தறிய வல்லவர்கள். எதிரியின் மனத்தைத் தம் ஒழுக்கத்தால் அளந்ததே அவர்கள் செய்த பிழை.

இதழ் வெளிவந்த அடுத்த மாதமே, ஆகஸ்டு 4ஆம் நாள், பிரிட்டன் போரில் இறங்கியது. 1915 பிப்ரவரியில் ஜெர்மனி பிரிட்டனைச் சூழ்ந்த கடலைப் போர்ப்பகுதி என்று அறிவித்து வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியது. மே 7ஆம் நாள் லுசிட்டானியா மூழ்கியது. பகைவனுக்கு வழி காட்டிவிட்டார் என்று டாயிலைக் குறைகூறியோரும் இருந்தனர். 1918இல் அக்கதையை நூலாக்கியபோது, எச்சரிப்பதே தம் நோக்கமாயிருந்தது என்று முன்னுரையில் அவர் விளக்க வேண்டியதாயிற்று. முதலில் நடவாதது என்று தள்ளுவது, நடந்தபின் எழுதியவனைக் குற்றம் சாட்டுவது என்னும் இரண்டுக்கும் இடையே வாசகர் உலகம் எடுத்துக்கொண்ட காலம் ஓராண்டும் இல்லை.

தமிழர் இக்கதைகளை வாசித்தவர் அல்லர். அவர்களிடம் போர் கதையாக வரவில்லை, கப்பலாகவே வந்தது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு வீசியது. நகர மக்கள் பலர் ஊரைவிட்டே வெளியேறினர். கப்பல் போயிற்று, பெயர் மொழியில் தங்கிற்று. யாருக்கும் அஞ்சாதவனையும் தந்திரம் மிக்கவனையும் எம்டன் என்று தமிழர் இன்றும் கூறக் கேட்கலாம். அக்கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்றும் ஒரு கதை பரவிற்று. அதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும் பகைக்கப்பலிலும் தம்மவர் ஒருவரை ஏற்றிவைத்த மக்கள் உள்ளம் ஆராயத்தக்கது. வெள்ளையர் எழுதிய போர்க்கதைகளில் தமக்கு இடமில்லாதவர்கள், வாய்மொழிக் கதையில் அவ்விடத்தைத் தாமே எடுத்துக்கொண்டனர் எனலாம்.

எம்டன் சிங்கப்பூரையும் தொட்டது. 1914 அக்டோபர் 28ஆம் நாள் அது பினாங்கில் புகுந்து ரஷ்ய, பிரெஞ்சுக் கப்பல்களை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலால் அழிக்கப்பட்டது. எம்டனோடு தொடர்புடைய ஜெர்மானியர் சிலர் சிங்கப்பூரின் தங்லின் முகாமில் சிறைவைக்கப்பட்டிருந்தனர். அக்காலத்தில் தீவைக் காத்து நின்ற முதன்மைப் படை இந்தியரைக் கொண்ட ஐந்தாம் இலகு காலாட்படை. 1915 பிப்ரவரி 15ஆம் நாள் அப்படையின் ஏறத்தாழப் பாதி கிளர்ந்தெழுந்தது. இந்தியக் கிளர்ச்சி தங்கள் படையை ஈர்த்துக்கொண்டது என்று 44 ஆண்டுகளுக்கு முன் செஸ்னி ஒரு வரியில் எழுதியது, வேறொரு வடிவில் இங்கே நடந்தது. அதே பிப்ரவரி 15 மீண்டும் ஒருமுறை சிங்கப்பூர் வரலாற்றில் வரவிருந்தது.

முதல் உலகப் போருக்குப் பின் கற்பனைப் போர் பசிபிக் கடலுக்கு இடம்பெயர்ந்தது. கடற்படைச் செய்தியாளர் ஹெக்டர் பைவாட்டர் 1925இல் 'பசிபிக் பெரும்போர்' என்னும் நூலில் அமெரிக்காவும் ஜப்பானும் 1931 முதல் 1933 வரை பொருதுவதாக எழுதினார். முன்னறிவிப்பற்ற தாக்குதலோடு ஜப்பான் போரைத் தொடங்குவதாக அவர் காட்டியது பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. அந்நூல் ஜப்பானியத்திலும் பெயர்க்கப்பட்டது. 1940இல் இறந்த பைவாட்டர் தம் கதை நனவானதைக் காணவில்லை.

சிங்கப்பூரைப் பற்றிய மிகச் சிறந்த கற்பனைப் போரை எழுதியவர் கதாசிரியர் அல்லர். செம்பவாங் கடற்படைத் தளம் முடியும் தறுவாயில் இருந்த 1937ஆம் ஆண்டில், மலாயாப் படைத்தலைவர் டாபியின் கீழ்ப் பணியாற்றிய அதிகாரி ஒருவர், தம்மை ஜப்பானியத் தளபதியின் இடத்தில் வைத்து, இத்தீவை எவ்வாறு கைப்பற்றலாம் என்று ஓர் அறிக்கை வரைந்தார். தென் தாய்லாந்திலும் கோத்தா பாருவிலும் கரையிறங்கி, தீபகற்பத்தின் வழியே தெற்கு நோக்கி வருவதே எதிரியின் வழி என்பது அவர் முடிவு. வடகிழக்குப் பருவக்காற்று அதற்குத் தடையாகாது என்பதையும் அக்காலத்தில் உணர்ந்திருந்தனர். அறிக்கை லண்டன் சென்றது. அதன் வாசகர்கள் மிகச் சிலர். அவர்கள் எதிர்வினையும் மிகச் சிறிது. டார்க்கிங் கதைக்குக் கிடைத்த சினமும் ஏளனமுங்கூட அதற்குக் கிடைக்கவில்லை. வரைந்தவர் பெயர் ஆர்தர் பெர்சிவல்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அன்று விடியுமுன் சிங்கப்பூரில் குண்டுகள் விழுந்தபோது தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் மாண்டனர். பத்தாம் நாள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்னும் பெருங்கப்பல்கள் வானூர்திகளால் குவாந்தான் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. மலாயாவில் பிரிட்டிஷ் தரப்புக்கு ஒரு டாங்கியும் இல்லை. ரப்பர்த் தோட்டமும் காடும் நிறைந்த நாட்டில் அவை பயன்படா என்பது அக்கால நம்பிக்கை. 1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ஆற்றருகே ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே விரைந்து வந்து இந்தியப் படையணிகளை ஊடறுத்தன. வெல்ஸின் கதை வந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. பதுங்கு குழியில் துப்பாக்கியோடு நின்றவர்கள் இம்முறை பஞ்சாபிகளும் கூர்க்காக்களும்.

சிங்கப்பூர்ப் பீரங்கிகள் அனைத்தும் கடலை நோக்கியே நின்றன, திருப்ப இயலவில்லை என்னும் கூற்று இன்றும் வகுப்பறைகளில் உலவுகிறது. அதுவும் ஒருவகைப் போர்க்கதையே. பல பீரங்கிகள் தரைப்பக்கம் திரும்பக்கூடியவை. சில திரும்பிச் சுட்டன. ஆனால் அவற்றின் குண்டுகளிற் பெரும்பாலானவை கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கென ஆக்கப்பட்டவை. நிலத்தில் பரவி நிற்கும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரும்பயன் இல்லை. தோல்விக்கு எளிய காரணம் தேடும் வாசகருக்குத் திரும்பாத பீரங்கியே ஏற்புடையதாகி விட்டது.

குண்டு வீச்சின்போது சிராங்கூன் சாலை மக்கள் பலர் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் அடைக்கலம் புகுந்தனர். கோயில் சேதமின்றித் தப்பியது. பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் யமஷித்தாவின் எதிரே அமர்ந்து சரணடைவில் கையொப்பமிட்டவர், 1937இல் இப்போரைத் தாளில் நடத்திப் பார்த்த அதே பெர்சிவல். தான் எழுதிய கதைக்குள் தானே அகப்பட்ட ஆசிரியர் உலக இலக்கியத்தில் இவர்போல் வேறொருவர் உண்டோ என்பது ஐயமே.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ஆம் நாள், சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்திய வீரர் திரட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துச் சென்றார். ஜப்பானிய மேஜர் ஃபூஜிவாராவும் அவரையடுத்து கேப்டன் மோகன் சிங்கும் அவர்களிடையே உரையாற்றினர். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அத்திடலில் நேர்ந்தது. 1943 ஜூலையில் நேதாஜி பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் துப்பாக்கி ஏந்தினர். அதே ஆண்டில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் சயாம் இரயில்பாதையில் கொண்டுசெல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் திரும்பாமற் போயினர். செஸ்னியும் வெல்ஸும் டாயிலும் பைவாட்டரும் பொறிகளை முன்னறிந்தனர். வெடிபொறி, டாங்கி, நீர்மூழ்கி, திடீர்த் தாக்குதல் அனைத்தும் வந்தன. ஃபேரர் பார்க் திடலை அவர்களில் ஒருவரும் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் அவர்கள் வாசகர் அதை ழூல் வெர்ன் கதை என்றுகூடக் கூறியிருக்கமாட்டார்கள், பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

அதை எழுதும் பணி தமிழ் எழுத்தாளருக்கு எஞ்சியது. இளமையில் மேடானில் பணிபுரிந்து போர்க்காலத்தை அங்கேயே கழித்த ப. சிங்காரம் தமிழகம் திரும்பி இரு நாவல்கள் எழுதினார். முதலாவதான 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959இல் நூலாயிற்று. இரண்டாவதான 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளர் கிடைக்காமல் நெடுநாள் கிடந்து 1972இல் வெளிவந்தது. மேடானுக்குள் ஜப்பானியப் படை நுழைவதும், வட்டிக்கடைகளின் வாழ்வும், இந்திய தேசிய இராணுவமும் தமிழில் அவ்வளவு நெருக்கமாக அதற்குமுன் எழுதப்பட்டதில்லை. வந்த நாளில் வாசகர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கண்டித்தவர்கூட அரிதே. தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்று என்று அடுத்த தலைமுறையினர் எடுத்துரைக்கத் தொடங்கியபின் சிங்காரம் நீண்டநாள் வாழவில்லை. 1997 டிசம்பரில் மதுரையில் மறைந்தார். வரப்போகும் போரைச் சொன்ன கதைக்கு இங்கிலாந்தில் தலைமையமைச்சரே பதில் கூறினார்; வந்துபோன போரைச் சொன்ன கதைக்குத் தமிழகத்தில் கால் நூற்றாண்டு மௌனமே பதிலாயிற்று.

1998 முதல் சிங்கப்பூரில் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. மின்சாரம் இல்லையெனில், உணவு வரவில்லையெனில் என்ன செய்வது என்று பள்ளிகளில் மாணவர்கள் ஒத்திகை செய்கின்றனர். கப்பல் வரவில்லையெனில் ரொட்டி விலை என்னாகும் என்று டாயில் கேட்ட வினாவும் அதுவே. பிற்காலத்தில், சரணடைந்த நேரத்தை நினைவூட்டும் வகையில் அந்நாள் மாலை 6.20 மணிக்குத் தீவெங்கும் எச்சரிக்கை ஒலி எழுப்பப்பட்டு வந்துள்ளது. அந்நேரத்தில் சிராங்கூன் சாலையில் பூக்கடைகளில் விளக்கேற்றி, மாலைப் பூசைக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருக்கும்.